பழைய ஹொண்டாவின் காபரேற்றர்: கழுவுவது முதலில், திருகுவது கடைசியில்

பெற்றோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்குள் அனுப்புவதே காபரேற்றரின் வேலை. ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று கூடினால் கலவை மெலிந்து எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். பெற்றோல் கூடினால் புகை கறுக்கும், பிளக்கில் கரி பிடிக்கும், செலவும் ஏறும். புதிய மோட்டார் சைக்கிள்களில் இந்தக் கணக்கை மின்னணுக் கருவி பார்த்துக்கொள்கிறது. பழையவற்றில் ஜெற் எனப்படும் சில பித்தளைத் துளைகளும் ஓர் ஊசியும் ஒரு மிதவையுமே அதைச் செய்கின்றன.

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் பழைய மோட்டார் சைக்கிள் என்றால் பெரும்பாலும் ஹொண்டாதான்: சி 50, சி 90, சி.டி 125, ஜப்பானில் தபால் விநியோகத்துக்கென்று செய்யப்பட்ட எம்.டி 90. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, ஓடக்கூடிய பழைய சைக்கிளைக் கைவிட யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் இங்கே அவற்றுக்கு ஓயாத எதிரி ஒன்று உண்டு: உப்பு. காரைநகருக்குப் பொன்னாலைப் பாலத்தால் வருகிறவருக்கு இரண்டு பக்கமும் கடல். நெடுந்தீவுக்குப் போகும் சைக்கிள் குறிகட்டுவானில் படகேறிக் கடல் நீர்த் திவலையிலேயே பயணம் செய்கிறது. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் உப்போடு புழுதியும் சேர்ந்துகொள்ளும்.

காபரேற்றரின் உடல் இலகுவான உலோகக் கலவை; ஜெற்றுகள் பித்தளை. பெற்றோல் நிற்கும் கிண்ணத்தின் அடியில் உப்புத்தண்ணீர் தேங்கினால் உடலில் வெள்ளைத் தூளும் பித்தளையில் பச்சைக் களிம்பும் படியும். பெற்றோல் நாட்கணக்கில் நின்றாலும் கேடுதான்: எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, மிச்சம் வார்னிஷ் போல ஒட்டிக்கொள்ளும். 2022 எரிபொருள் நெருக்கடியில், பங்கீட்டின் தொடக்கத்தில், மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் கிடைத்தது. அப்போது மூலையில் நிறுத்திய பல சைக்கிள்கள் பிறகு உதைத்தும் ஸ்ரார்ட் ஆகாமல் நின்றதற்கு இதுவே காரணம்.

ஆகவே கோளாறு என்றதும் திருகாணியில் கை வைப்பது தவறு. முதலில் காபரேற்றரைக் கழற்றிக் கழுவ வேண்டும். பெற்றோல் பூட்டை மூடி, கிண்ணத்தின் வடிகால் திருகாணியைத் தளர்த்தி, வடியும் பெற்றோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அடியில் குமிழாக உருளுவது தண்ணீர். சிவப்பாகப் படிவது தாங்கியின் துரு. துரு கண்டால் தாங்கியையும் பெற்றோல் வடியையும் துப்புரவாக்காமல் காபரேற்றரை மட்டும் கழுவிப் பயனில்லை. வேலை திறந்த வெளியில், விளக்கும் நெருப்பும் இல்லாத இடத்தில் நடக்க வேண்டும்.

சிறிய ஹொண்டாக்களில் ஐடில் ஓட்டத்துக்குப் பெற்றோல் விடும் பைலற் ஜெற்றில் 35, 38 என்று எண் பொறித்திருக்கும். 35 என்றால் துளை சுமார் 0.35 மில்லிமீற்றர். இதற்குள் ஊசியோ இரும்புக் கம்பியோ விட்டால் மென்மையான பித்தளை தேய்ந்து துளை பெரிதாகும். பிறகு எந்தத் திருகாணியாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. காற்றடித்து ஊதுவதே முறை. போகாத அழுக்குக்கு, துளையை விட மெல்லிய தங்கூசி (நைலோன்) நரம்பு போதும். அது பித்தளையைக் கீறாது. ஜெற்றை வானத்துக்கு நேரே பிடித்தால் வட்டமான வெளிச்சம் தெரிய வேண்டும். றப்பர் வளையங்களையும் மிதவையையும் கடுமையான கழுவு திரவத்தில் ஊறப்போடக் கூடாது.

அடுத்தது மிதவை. கிண்ணத்தில் பெற்றோல் மட்டத்தைக் காப்பது இதுதான். மிதவையின் நாக்கு ஊசி வால்வைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி காபரேற்றரைச் சாய்த்து, விளிம்பிலிருந்து மிதவையின் உயரத்தை அளந்து, அந்த மாதிரிக்குரிய கைந்நூல் அளவோடு ஒப்பிட வேண்டும். மட்டம் கூடினால் வழிகுழாயால் பெற்றோல் சொட்டும். சொட்டுவதற்கு ஊசி வால்வின் நுனித் தேய்வும் அதில் சிக்கிய தூசும் கூடக் காரணமாகலாம்.

பூட்டிய பிறகே சரிசெய்தல். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்க வேண்டும். ஐடில் திருகாணியால் வேகத்தைச் சற்றுக் கூட்டிக்கொண்டு, கலவைத் திருகாணியை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருப்பி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பது வழமையான தொடக்கம். இறுக்கி முட்டினால் அதன் கூர்முனை கெட்டுவிடும். பிறகு கால் சுற்றுக் கால் சுற்றாக இரு பக்கமும் திருப்பி, எஞ்சின் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைப் பிடித்து, ஐடிலைக் குறைத்துவிட வேண்டும். திருகாணி காற்று வடி இருக்கும் பக்கத்தில் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது; உள்ளே திருப்பப் பெற்றோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் நேர் எதிர்: வெளியே திருப்பப் பெற்றோல் கூடும். பலர் குழம்புவது இங்கேதான்.

இந்தத் திருகாணி ஆளுவது அக்சிலேற்றரின் முதல் எட்டில் ஒரு பங்கு வரைதான். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை, அக்சிலேற்றரோடு ஏறி இறங்கும் ஊசியின் ஆட்சி. ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெற்றோல் கூடும். அதற்கு மேல் மெயின் ஜெற். கோளாறு எந்த வேகத்தில் தோன்றுகிறது என்று பார்த்தாலே கை வைக்கவேண்டிய பகுதி தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பிஸ்கற் நிறம் சரியான கலவை. கரி கறுப்புப் பெற்றோல் மிகுதி. வெளுப்புப் பெற்றோல் குறைவு.

இந்தப் பகுதியில் இன்னொரு சோதனையும் தேவை. 1990க்குப் பின்னான போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது என்பதால், சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும், கரியும் மிகுதி. அந்தக் காலத்திலிருந்து கைமாறி வரும் சைக்கிளில் ஜெற் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், வாங்குபவர் உள்ளே இருக்கும் ஜெற்றின் எண் கைந்நூலில் உள்ளதுதானா என்று பார்ப்பது நல்லது.

இரண்டு கிழமைக்கு மேல் நிறுத்திவைப்பதானால் பெற்றோல் பூட்டை மூடிக் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும். கடற்கரை ஓட்டத்துக்குப் பிறகு வெளிப்புறத்தை நல்ல தண்ணீரால் துடைத்து, கேபிளுக்கு ஒயில் விட வேண்டும். காற்று வடியைப் புழுதிக் காலத்தில் அடிக்கடி தட்டிச் சுத்தமாக்க வேண்டும். இவற்றை ஒழுங்காகச் செய்கிறவருக்குத் திருகாணியைத் தொடவேண்டிய தேவை அரிதாகவே வரும்.