கொலு 'பார்க்' பொம்மைக்குப் புது பெயின்ட்: பழசை உரிப்பது எப்படி?

நவராத்திரி நெருங்கினால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் களைகட்டும். புதுசு வாங்கும் முன், பரணில் கிடக்கும் 'பார்க்' செட்டைப் பாருங்க. பெயின்ட் போன கார், யானையை மீட்டுவிடலாம். பழைய பெயின்ட்டை உரிக்கும் வழி, பொருளைப் பொறுத்தது.

உலோகமா?
கையில் கனமாக, சில்லென்று இருக்கும். சின்ன கார்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவை, காந்தம் ஒட்டாது. ஹார்டுவேர் கடை பெயின்ட் ரிமூவர் போதும். கிளவுஸ் போட்டு, மொட்டை மாடியில் செய்யுங்க. ஜன்னல், சக்கரம் பிளாஸ்டிக் என்பதால் முதலில் கழற்றிடணும்.

பிளாஸ்டிக்கா?
தின்னர், அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், பொம்மையே இளகிவிடும். பிரிட்டனில் மினியேச்சர் மாடல் செய்பவர்கள் பலர் பயன்படுத்துவது, நம்ம வீட்டு டெட்டால்! தண்ணீர் கலக்காமல் ஒரு நாள் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் அக்ரிலிக் பெயின்ட் உரியும். இடையில் தண்ணீர் பட்டால் பிசுபிசுவென ஒட்டிக்கொள்ளும். அதனால் டெட்டாலிலேயே அலசிவிட்டு, கடைசியில் சோப்பு போட்டுக் கழுவுங்க. அடிப்பக்கத்தில் கொஞ்சம் தடவி டெஸ்ட் செய்வது நல்லது.

காகிதக் கூழ் பொம்மையை எதிலும் ஊறவைக்காதீங்க.

உப்புத்தாள் ஏன் கூடாது?
வீட்டு பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி அமலுக்கு வந்தது 2017 நவம்பரில்தான். பொம்மைகளுக்கு பிஐஎஸ் சான்று கட்டாயமானது 2021 ஜனவரியில். அதற்கு முந்தைய பொம்மைகளின் பெயின்ட்டில் காரீயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்தால் தூசி பறக்கும். அது உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாட்டி காலத்து பொம்மை என்றால், குழந்தைகள் கைக்கு எட்டாத மேல் படியில் வைத்துவிடுங்க.