பீர் காய்ச்ச எந்த ஆப் நல்லது?

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது பலரின் வாரக்கடைசிப் பொழுதுபோக்கு. 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சும் பீருக்கு வரிவிலக்கு தந்தது. விற்கத்தான் கூடாது.

மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் அளவைக் கொடுத்தால் கசப்பு, நிறம், ஆல்கஹால் அளவைக் கணக்குப் போட்டுச் சொல்ல பீர்ஸ்மித், ப்ரூஃபாதர், ப்ரூடார்கெட் என்று சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. ப்ரூடார்கெட் முழுக்க இலவசம். ஆனால், எதை எடுத்தாலும் முதல் தடவை கணக்கு கொஞ்சம் உதைக்கும். ஒரு மணி நேரக் கொதியில் ஒருவர் பாத்திரத்தில் 3 லிட்டர் ஆவியாகும். இன்னொருவருக்கு 5 லிட்டர். தன் பாத்திரத்துக்கேற்ப அதைத் திருத்த முடியாத ஆப், பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் வீண்தான்.

உஷாராக இருக்க வேண்டிய இடம் சர்க்கரை. நுரை வருவதற்காக பாட்டிலில் சேர்க்கும் சர்க்கரை அதிகமானால், பாட்டிலே வெடித்துக் கண்ணாடி சிதறும். பீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் வாயு, அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. எனவே, வெப்பநிலையைக் கேட்காமலே 'இத்தனை கிராம்' என்று சொல்லும் ஆப்பை நம்ப வேண்டாம்.

இன்னொன்று, பல வருடம் சேர்த்த செய்முறைகளை வேறு ஆப்புக்கு மாற்ற முடிகிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். பீர்எக்ஸ்எம்எல் என்ற பொதுவான ஃபைல் வடிவம் இதற்காகவே இருக்கிறது. மேலே சொன்ன மூன்றிலும் அந்த வசதி உண்டு.