காப்பியா, காப்பி மாதிரியா?

மாணவர்களே, உங்கள் வீட்டில் பில்டர் காப்பித் தூள் பொட்டலம் இருந்தால் அதன் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். காப்பி இத்தனை விழுக்காடு, சிக்கரி இத்தனை விழுக்காடு என்று பலவற்றில் அச்சிட்டிருப்பார்கள்.

சிக்கரி என்பது நீலப் பூ பூக்கும் ஒரு செடி. அதன் வேரை வறுத்து அரைத்தால் காப்பித் தூளைப் போன்ற நிறமும் கசப்பும் கிடைக்கும். ஆனால், காப்பிச் செடிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அதில் காஃபினும் இல்லை.

இப்போது ஒரு கற்பனை. கிள்ளான் துறைமுகத்தில் மூன்று மூட்டைகள் வந்திறங்குகின்றன. மூன்றிலும் கரும்பழுப்புத் தூள். முதலாவதில் வறுத்து அரைத்த காப்பி. இரண்டாவதில் வறுத்து அரைத்த சிக்கரி. மூன்றாவதில் இரண்டும் கலந்த தூள். சுங்க அதிகாரி மூன்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட முடியாது. ஏன்?

உலக வாணிகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் எச்.எஸ். குறியீடு என்ற 6 இலக்க எண் உண்டு. உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் இம்முறை 1988-இல் நடைமுறைக்கு வந்தது. உயிரியலில் குடும்பம், பேரினம், சிற்றினம் என்று பிரித்துக்கொண்டே போகிறோம் அல்லவா? இதுவும் அதுபோலத்தான். முதல் 2 இலக்கங்கள் அத்தியாயத்தைக் காட்டும். 4 இலக்கங்கள் தலைப்பையும், 6 இலக்கங்கள் உட்தலைப்பையும் காட்டும். ஆசியான் நாடுகள் மேலும் 2 இலக்கங்களைச் சேர்த்து 8 ஆக்கியுள்ளன.

முதல் மூட்டையின் எண் 0901.21, அதாவது காஃபின் நீக்கப்படாத, வறுத்த காப்பி. 9-ஆம் அத்தியாயம் காப்பி, தேயிலை, மசாலைப் பொருள்களுக்கு உரியது. இரண்டாவது மூட்டையின் எண் 2101.30. வறுத்த சிக்கரியும் வறுத்த பிற மாற்றுக் காப்பிகளும் 21-ஆம் அத்தியாயத்தில் இடம்பெறுகின்றன.

மூன்றாவது மூட்டை? அதில் 90 விழுக்காடு சிக்கரி, 10 விழுக்காடு காப்பி என்று வைத்துக்கொள்வோம். "சிக்கரிதானே அதிகம், 2101.30 தான்!" என்று சொல்லத் தோன்றும். ஆனால், சரியான விடை 0901.90. காரணம், 0901 என்ற தலைப்பின் வாசகமே 'எந்த அளவிலேனும் காப்பி கலந்த மாற்றுக் காப்பி' என்று தெளிவாகச் சொல்கிறது. பொதுவாக ஒரு கலவைக்கு அதன் முக்கியத் தன்மையைத் தருவது எது என்று பார்த்து எண் கொடுப்பார்கள். தலைப்பின் வாசகமே நேரடியாக விடை சொல்லிவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இந்திய உணவு விதி வேறொரு கேள்வியைக் கேட்கிறது. அங்கே காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும். ஒரு விதி அளவைப் பார்க்கிறது. மற்றொன்று இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கிறது.

பொருளை எப்படிப் பக்குவம் செய்தார்கள் என்பதும் முக்கியம். சிக்கரியின் இலை காய்கறிகளுக்குரிய 7-ஆம் அத்தியாயத்தில் உள்ளது. வறுக்காத வேர் 1212.94. வறுத்துவிட்டால் 21-ஆம் அத்தியாயம். ஒரே செடிக்கு மூன்று இடம்! காப்பியும் அப்படித்தான். கொட்டையை வறுத்து அரைக்கும்வரை அது 9-ஆம் அத்தியாயத்தில் இருக்கும். அதன் சாற்றை எடுத்து உலர்த்தி உடனடிக் காப்பியாக்கினால் 2101.11-க்குப் போய்விடும்.

எண் மாறினால் என்ன ஆகும்? வரி விகிதமும் வாணிக ஒப்பந்தச் சலுகையும் இறக்குமதிப் புள்ளிவிவரமும் இந்த எண்ணைச் சார்ந்தே இருக்கின்றன. தவறான எண்ணைக் கொடுத்தால் அரசாங்கத்திற்கு வரி இழப்பு ஏற்படலாம். அல்லது வணிகர் தேவையின்றி அதிகம் கட்ட நேரிடலாம்.

மூட்டையில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப முடியுமா? இங்குதான் ஆய்வகம் உதவுகிறது. காஃபின் சோதனை முதல் துப்பைத் தரும். ஆனால், காஃபின் நீக்கிய காப்பியும் விற்பனைக்கு வருவதால், காஃபின் மிகக் குறைவாக இருப்பதை மட்டும் வைத்துக் காப்பியே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. அதனால் நுண்ணோக்கியிலும் பார்க்கிறார்கள். காப்பிக் கொட்டையின் மெல்லிய தோலில் தடித்த சுவருடைய நீண்ட செல்கள் தெரியும். சிக்கரி வேரில் நீரைக் கடத்தும் அகன்ற குழாய்கள் தெரியும். வறுத்து அரைத்த பிறகும் இந்த அடையாளங்கள் மறைவதில்லை.

முன்பு இந்த வேலையை மூக்கே செய்தது! பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் 1781-இல் காப்பி வறுப்பதை அரசின் தனியுரிமை ஆக்கினார். திருட்டுத்தனமாக வறுப்பவர்களைக் கண்டுபிடிக்க, 'காப்பி மோப்பக்காரர்கள்' தெருத்தெருவாக வாசனை பிடித்துத் திரிந்தார்கள். மக்களில் பலர் சிக்கரிக்கும் பார்லிக்கும் மாறினார்கள்.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். ஒன்றில் அரைத் தேக்கரண்டி தூய காப்பித் தூளையும், மற்றொன்றில் அதே அளவு சிக்கரித் தூளையும் மெதுவாகத் தூவுங்கள். கலக்காதீர்கள். காப்பித் தூளில் எண்ணெய்ப் பசை இருப்பதால் பெரும்பகுதி சிறிது நேரம் மிதக்கும். சிக்கரித் தூள் விரைவில் மூழ்கும். போகும் வழியெல்லாம் பழுப்புக் கோடுகளை விட்டுச் செல்லும். சிக்கரி வேரில் உள்ள இனுலின் என்ற மாவுச்சத்து வறுக்கும்போது ஓரளவு சிதைந்து, நீரில் எளிதில் கரையும் சர்க்கரையாகவும் பழுப்புநிறப் பொருள்களாகவும் மாறியிருப்பதே காரணம். உடனடிக் காப்பியைப் பயன்படுத்தாதீர்கள். அது முழுவதும் கரைந்துவிடும்.

கடைசியாக உங்களுக்கு ஒரு புதிர். பேரீச்சங்கொட்டையை வறுத்து அரைத்துக் காப்பிக்குப் பதிலாக விற்கிறார்கள். அதன் 6 இலக்க எண் என்ன? அதில் ஒரு கரண்டி காப்பித் தூளைக் கலந்தால் எண் என்ன ஆகும்? இரண்டு விடைகளும் இந்தக் கட்டுரையிலேயே இருக்கின்றன.