தகவல் சந்தை – 9: மதிப்பெண் போட்ட கம்பெனி

2001 செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்தியவர்களில் பலர் அதற்கு முன் தங்கியிருந்த மாநிலம் ஃப்ளோரிடா. அங்கே போகா ரட்டோன் நகரில் செய்சின்ட் என்றொரு கம்பெனி இருந்தது. கடன் வரலாறு, பழைய முகவரிகள், சொத்துப் பத்திரம், வாகனப் பதிவு என்று கிடைத்த பதிவுகளையெல்லாம் குவித்து, கேட்டவருக்குக் காசுக்குத் தேடித் தருவது அதன் தொழில். அதிபர் ஹாங்க் ஆஷர்.

தாக்குதலுக்குப் பின் ஆஷர் தன் குவியலைச் சலித்தார். ஆளுக்கு ஒரு மதிப்பெண்: பயங்கரவாதியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று. வயது, ஆணா பெண்ணா, இனம், கடன் வரலாறு, விமானி உரிமம் எல்லாம் கணக்கில் வந்தன. சந்தேகத்துக்குரிய முகவரி ஒன்றுக்குப் பக்கத்தில் குடியிருந்தால் அதற்கும் மதிப்பெண் உண்டு! முடிவில் தேறியவர்கள் 1,20,000 பேர். பட்டியல் அரசின் புலனாய்வுத் துறைகளுக்குப் போனது. கடத்தியவர்களோ 19 பேர்தான்.

அரசுக்கு இது பிடித்துப்போயிற்று. செய்சின்ட்டின் குவியலோடு மாநிலப் போலீஸின் பதிவுகளையும் ஓட்டுநர் உரிமப் படங்களையும் சேர்த்து ‘மேட்ரிக்ஸ்’ என்ற திட்டம் பிறந்தது. மத்திய அரசு கொடுத்தது 1 கோடியே 20 லட்சம் டாலர். மதிப்பெண் முறையை இதில் சேர்க்கவில்லை என்று பிறகு விளக்கம் வந்தது.

இதற்கு அரசுக்குக் கம்பெனி எதற்கு? வாட்டர்கேட் ஊழலுக்குப் பின் 1974-ல் அமெரிக்கா தனியுரிமைச் சட்டம் இயற்றியது. மத்திய அரசுத் துறைகள் குடிமக்களைப் பற்றி ரகசியக் கோப்பு வைக்கக்கூடாது; வைத்திருப்பதை அறிவிக்க வேண்டும். ஆனால் ஒரு கம்பெனி தன் வியாபாரத்துக்காகச் சேர்த்த தகவலுக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. சேர்ப்பதற்குத் தடை, வாங்குவதற்குத் தடையில்லை. ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா நேரடியாக இறங்கிய தகவல் வேட்டைத் திட்டத்துக்கு 2003 செப்டம்பரில் நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. மேட்ரிக்ஸ் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

சறுக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஆஷர் போதைப்பொருள் கடத்தல் விமானம் ஓட்டியவர் என்ற விவரம் 2003-ல் பத்திரிகைகளில் வெளியாக, அவர் இயக்குநர் குழுவிலிருந்து விலகினார். ஊரார் யோக்கியதைக்கு மதிப்பெண் போட்டவரின் கதை இது. தனியுரிமைக் கவலையும் செலவும் பயமுறுத்த, மேட்ரிக்ஸில் 13 வரை சேர்ந்திருந்த மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன.

செய்சின்ட்டுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. 2004-ல் தகவல் விற்கும் லெக்சிஸ்நெக்சிஸின் தாய்க் கம்பெனி அதை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தக் குவியலில் திருடர்கள் புகுந்திருந்தது அடுத்த ஆண்டே தெரியவந்தது; 3,10,000 பேரின் விவரங்கள் களவு போயிருக்கலாம் என்று 2005 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. மத்திய அரசின் பணம் தீர்ந்து மேட்ரிக்ஸ் மூடப்பட்டதும் அதே ஏப்ரலில்தான்.

திட்டம் போனது, வாங்கும் வழக்கம் போகவில்லை. அமெரிக்கர்களின் இணையப் பயன்பாட்டுப் பதிவுகளைத் தனியாரிடம் வாரண்ட் இல்லாமல் வாங்குவதாக அந்நாட்டின் தேசியப் பாதுகாப்பு முகமை தந்த ஒப்புதல் 2024 ஜனவரியில் வெளியானது.

மெக்சிகோவின் வாக்காளர் பட்டியலையே விலைக்கு வாங்கி அமெரிக்க அரசுக்கு விற்ற சாய்ஸ்பாயின்ட் கம்பெனியின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)