விரிசலை மறிக்கும் கண்ணாடி

சங்கத்துப் பொங்கல் விழாவில் ஓர் அம்மையார் கேட்டார்: "இண்டக்‌ஷன் அடுப்பின் மேல்தட்டு கண்ணாடிதானே சார், சூட்டை எப்படித் தாங்குகிறது?"

அது வெறும் கண்ணாடி அல்ல, கண்ணாடிப் பீங்கான். 1953-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கி 600 டிகிரியில் சுட வைத்த கண்ணாடி, உலைக் கோளாறால் 900-க்கு ஏறிவிட்டது. திறந்தால் வெள்ளைத் தகடு! கைதவறிக் கீழே விழுந்தும் உடையவில்லை. உள்ளே விளைந்த நுண்படிகங்கள் அதைக் கடினமாக்கி, விரிசலையும் மறித்தன.

படிகம் பெருத்தால் ஒளி சிதறி வெண்மையாகும். ஒளியலையைவிட மிகச் சிறிதாக நிறுத்தினால் ஊடே பார்க்கலாம்.

தண்டவாளம் வெயிலில் நீளுமென்று நாங்கள் இடைவெளி விட்டோம். இந்தத் தட்டிலோ, கண்ணாடி விரியும்போது படிகம் சற்றே சுருங்கிச் சரிக்கட்டுகிறது.

ஆனாலும் குக்கரைத் தொப்பென்று வைக்காதீர்கள். கீறல் விட்டால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். பொங்கிய பால் உள்ளே இறங்கினால் ஷாக் அடிக்கும்.