டப்பாவில் 30, முகத்தில் எவ்வளவு?

என் அக்கா மகள் தரமணியில் வேலை பார்க்கிறாள். மேடவாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் போய்வருகிறாள். எட்டரைக்கு வண்டியை எடுக்க வேண்டுமென்றால் எட்டு இருபதுக்குத்தான் கண்ணாடி முன்னால் போய் நிற்பாள். சில நாள் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாய்ஸ்சரைசர் ஒரு பொட்டு, அதன்மேல் பிரைமர் ஒரு பொட்டு, பிறகு ஃபவுண்டேஷன். ஹெல்மெட்டை எடுத்துவிட்டாள்.

"சன்ஸ்க்ரீன் போடலையாடி?"

"மாய்ஸ்சரைசர்ல எஸ்பிஎஃப் 15 இருக்கு சித்தி. பிரைமர்ல 30 இருக்கு. கூட்டிப் பாருங்க, 45 ஆச்சு. அதுக்கு மேல எதுக்கு இன்னொரு பூச்சு?"

கூட்டல் சரிதான். ஆனால் அவளுடைய கன்னத்து எலும்பின்மேல் இரண்டு பக்கமும் பழுப்பாக மங்கு படரத் தொடங்கியிருந்தது. 45-ஐத் தாண்டி வெயில் எப்படி உள்ளே வந்தது என்று அவளும் யோசித்துப் பார்க்கவில்லை, அந்த டப்பாக்களை விற்ற கடைக்காரரும் சொல்லவில்லை.

அந்த எண் பிறக்கும் இடம்

எஸ்பிஎஃப் எண்ணைப் பரிசோதனைக்கூடத்தில் மனித முதுகில் வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். முதுகின் ஒரு பகுதியில் பூச்சு இருக்கும், ஒரு பகுதி வெறுமனே இருக்கும். இரண்டின்மேலும் புற ஊதாக் கதிர் விளக்கைக் காட்டி, மறுநாள் தோல் எந்த அளவுக் கதிரில் சிவந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். வெறும் தோல் சிவக்கத் தேவைப்பட்டதைப்போல் 30 மடங்கு கதிர் பட்ட பிறகுதான் பூசிய தோல் சிவந்தது என்றால் அது எஸ்பிஎஃப் 30. சிவக்க வைக்கும் கதிர்களில் எஸ்பிஎஃப் 15 ஏறத்தாழ 93 சதவீதத்தைத் தடுக்கும், 30 என்றால் 97 சதவீதம், 50 என்றால் 98.

இந்தச் சோதனையில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூச வேண்டும் என்பது விதி. சன்ஸ்க்ரீனாக இருந்தாலும் மாய்ஸ்சரைசராக இருந்தாலும் பிரைமராக இருந்தாலும் அளவு அதேதான். ஆகவே பிரைமர் டப்பாவில் 30 என்று போட்டிருப்பதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. 2 மில்லிகிராம் கனத்துக்குப் பூசினால் அந்த 30 கிடைக்கும்.

நாம் அப்படிப் பூசுவதில்லை. சன்ஸ்க்ரீனையே பெரும்பாலானவர்கள் இதில் கால் பங்கிலிருந்து பாதி வரைதான் பூசுகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அளவு பாதியானால் பாதுகாப்பும் பாதியாவது குறையும். 15-ஐயும் 30-ஐயும் கூட்டி 45 ஆக்க முடியாததற்கும் இதுவே காரணம். ஒவ்வோர் எண்ணும் தனக்குரிய முழுக் கனத்தை எதிர்பார்க்கிறது. மெல்லிய பூச்சின்மேல் இன்னொரு மெல்லிய பூச்சைத் தேய்க்கும்போது, அடியில் இருப்பதில் கொஞ்சம் கலைந்தும் போகிறது.

தராசில் வைத்துப் பார்த்தோம்

அக்கா வீட்டில் நகை எடை பார்க்கிற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் மூடியை வைத்து, அவள் தினமும் எடுக்கிற அளவை அப்படியே பிதுக்கச் சொன்னேன். மாய்ஸ்சரைசர் 0.4 கிராம். பிரைமர் 0.2 கிராம்கூட வரவில்லை.

முகமும் கழுத்தும் சேர்ந்து சுமார் 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதற்கு 1.2 கிராம் வேண்டும். அவள் பூசும் பிரைமர் அதில் ஆறில் ஒரு பங்கு. அதுவும் கழுத்துக்கும் காதுக்கும் அவள் பூசுவதே இல்லை.

"அப்ப 1.2 கிராம் பிரைமர் போட்டா?" என்று கேட்டாள். சரி, போட்டுப் பார் என்றேன். பிரைமர்களில் பெரும்பாலும் சிலிக்கோன்தான் அடிப்படை. சருமத்துளைகளை மூடி, மேக்கப் நழுவாமல் பிடித்துக்கொள்ள அது மெல்லிய படலமாக நின்றாலே போதும். அள்ளிப் பூசியதும் வழுக்கியது. ஃபவுண்டேஷனைத் தொட்டுத் தேய்த்தபோது அழிரப்பர் தூள்போல உருண்டு உருண்டு உதிர்ந்தது. வேலைக்குப் போகிற எவரும் அந்த முகத்தோடு கிளம்ப மாட்டார்கள். செலவுக் கணக்கும் உதைக்கிறது. அந்த வேகத்தில் போட்டால் 30 கிராம் டியூப் 25 நாளில் தீர்ந்துவிடும்.

சன்ஸ்க்ரீனுக்கு இந்தத் தராசெல்லாம் வேண்டாம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் அடியிலிருந்து நுனிவரை கோடாகப் பிதுக்கினால், முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறத்தாழப் போதுமான அளவு வந்துவிடும். 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இரண்டு நிபுணர்கள் முன்வைத்த எளிய அளவு இது. உடம்பைப் பதினொரு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு விரல் என்றார்கள். முதல் நாள் பூசும்போது இவ்வளவா என்று தோன்றும். தோன்றத்தான் செய்யும், அதுவரை நாம் போட்டது அவ்வளவு குறைவு.

கண்ணிமையில் விட்ட இடம்

இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் 84 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2019-இல் வெளியானது. ஒரு நாள் சன்ஸ்க்ரீனையும் இன்னொரு நாள் எஸ்பிஎஃப் உள்ள மாய்ஸ்சரைசரையும் அவரவர் வழக்கப்படி பூசிக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு புற ஊதாக் கதிரைப் பதிவு செய்யும் கேமராவால் படம் எடுத்தார்கள். பூச்சு பட்ட இடம் அதில் கறுப்பாகத் தெரியும், படாத இடம் வெளிறித் தெரியும். சன்ஸ்க்ரீன் போட்டபோது முகத்தில் சராசரியாக 11.1 சதவீதம் விடுபட்டிருந்தது. மாய்ஸ்சரைசரில் 16.6 சதவீதம். கண்ணிமைகளைத் தனியாகப் பார்த்தால் 14 சதவீதம் 20.9 ஆகியிருந்தது. இதில் எனக்கு உறைத்தது வேறொன்று. விட்டுவிட்டோம் என்பதே பூசியவர்களுக்குத் தெரியவில்லை.

கண்ணில் எரியும் என்று பயந்து நாமெல்லாம் அந்த ஓரத்தைத் தாண்டித்தான் போகிறோம். உடம்பிலேயே மெல்லிய தோல் கண்ணிமையில்தான் இருக்கிறது. எரிச்சல் பொறுக்காதவர்களுக்குக் கூலிங் கிளாஸ் உதவும், புற ஊதாக் கதிரைத் தடுப்பதாகக் குறிப்பிட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

சிவக்காத தோல்

எஸ்பிஎஃப் சோதனை தோல் சிவப்பதை அளக்கிறது. நம்மில் பலருடைய தோல் லேசில் சிவக்காது. கறுக்கும், திட்டுத்திட்டாக நிறம் மாறும், மங்கு விழும். தோல் புற்றுநோயைப் பொறுத்தவரை நம் மெலனின் நமக்குப் பெரிய காப்பு. வெள்ளையர்களைவிட நமக்கு அது மிகக் குறைவாகவே வருகிறது. ஆனால் கறுப்பதையும் சுருங்குவதையும் மெலனின் தடுத்துவிடுவதில்லை.

சிவக்க வைப்பது பெரும்பாலும் யுவி-பி கதிர். பூமிக்கு வந்து சேரும் புற ஊதாவில் கிட்டத்தட்ட 95 சதவீதம் யுவி-ஏ. அது தோலுக்குள் இன்னும் ஆழமாகப் போகும், சாதாரணக் கண்ணாடியையும் ஊடுருவும். 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு படம் தோல் மருத்துவர்கள் பலருக்கும் பழக்கமானது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் முகம் அது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் தடித்து, மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. வலது கன்னம் பத்து வயது இளையவருடையது என்று சொல்லலாம். நம் ஊர் ஓட்டுநர்களுக்கு ஜன்னல் வலது பக்கம்.

யுவி-ஏ தடுப்புக்கு எஸ்பிஎஃப் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. 'பிஏ' என்ற எழுத்துகளும் பக்கத்தில் கூட்டல் குறிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜப்பானில் 1996-இல் வந்த முறை இது. மூன்று அல்லது நான்கு கூட்டல் இருந்தால் நல்லது. 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று எழுதியிருப்பதும் இரண்டு கதிர்களுக்குமான தடுப்பைக் குறிக்கும். என் அக்கா மகளின் பிரைமரில் 30 பெரிதாக இருந்தது. பிஏ எங்கும் இல்லை.

ஃபவுண்டேஷனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக அதிலுள்ள நீலமும், மாநிறத் தோலையும் கறுத்த தோலையும் கறுக்க வைத்து மங்கை வளர்க்கிறது. நிறமில்லாத சன்ஸ்க்ரீன் இந்த ஒளியை அதிகம் தடுப்பதில்லை. தோல் நிறத்தைக் கொடுக்கிற அயர்ன் ஆக்சைடு தடுக்கும். நிறமேற்றிய சன்ஸ்க்ரீனிலும் ஃபவுண்டேஷனிலும் இருப்பது அதுதான். மங்கு உள்ளவர்களுக்கு டின்டட் சன்ஸ்க்ரீனைத் தோல் மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பது இதனால்தான். சன்ஸ்க்ரீனின்மேல் ஃபவுண்டேஷன் போடுகிறவருக்கு அது கூடுதல் லாபம். மங்குக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற ஸ்டீராய்டு க்ரீமை மட்டும் தொடாதீர்கள். தோல் மெலிந்து வெயிலை இன்னும் தாங்காது.

மாய்ஸ்சரைசர் யாருக்குப் போதும்

எட்டு மணிக்கு முன்பே கிளம்பி, இருட்டிய பிறகு திரும்பி, நடுவில் ஜன்னலை விட்டுத் தள்ளி உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு எஸ்பிஎஃப் மாய்ஸ்சரைசர் போதும். வீட்டிலிருந்தே வேலை செய்கிறவருக்கும் போதும். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், பிராட் ஸ்பெக்ட்ரமாக, பிஏ குறியோடு இருக்க வேண்டும். அதையும் இரண்டு விரல் அளவு எடுத்து, காது, கழுத்து, இமை விடாமல் பூச வேண்டும். அப்படிப் பூசினால் பெயர்தான் மாய்ஸ்சரைசர், வேலை சன்ஸ்க்ரீனுடையது.

ஸ்கூட்டியில் போகிறவர், மைதானத்தில் நிற்கிற பி.டி. ஆசிரியர், டெலிவரிக்கு அலைகிறவர், கடற்கரைக்குப் போகிறவர் இதை நம்பக் கூடாது. நம் ஊரில் வியர்வை ஒரு பெரிய விஷயம். தண்ணீர் தாங்கும் சன்ஸ்க்ரீனை 40 அல்லது 80 நிமிடம் நீரில் வைத்துச் சோதிக்கிறார்கள். மாய்ஸ்சரைசர்கள் பெரும்பாலும் அந்தச் சோதனைக்கே போவதில்லை. கிண்டி சிக்னலில் மதியம் நின்றால் பத்து நிமிடத்தில் அது வழிந்து தாடைக்கு வந்துவிடும். ஊட்டிக்குப் போகிறவர்கள் குளிரை நம்பி ஏமாறுகிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், அடாபலீன், ரெட்டினால் பூசுகிறவர்களும் தனி சன்ஸ்க்ரீன்தான் போட வேண்டும்.

பிரைமரின் எஸ்பிஎஃப் பற்றி என் கருத்து இதுதான்: கணக்கில் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள். மேக்கப் நிற்க அது வேண்டுமென்றால் போடுங்கள், வெயிலுக்காகப் போடாதீர்கள். முதலில் மாய்ஸ்சரைசர், அது ஊறியதும் சன்ஸ்க்ரீன், சில நிமிடம் விட்டு அது காய்ந்ததும் பிரைமர். எண்ணெய் வழியும் முகமென்றால் மாய்ஸ்சரைசரையே விட்டுவிட்டு ஜெல் சன்ஸ்க்ரீன் மட்டும் போட்டாலும் போதும்.

எண் பெரிதாக இருக்கிறதா என்பதைவிட, தினமும் அளவோடு போடுகிறோமா என்பதே முக்கியம். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் நம்பூர் ஊரில் 1992-இல் 1,621 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை தொடங்கியது. ஒரு குழுவினர் தலை, கழுத்து, கைகளுக்குத் தினமும் சன்ஸ்க்ரீன் பூசினார்கள், வியர்த்தால் மறுபடி பூசினார்கள். மற்றவர்கள் தோன்றியபோது பூசினார்கள். நாலரை ஆண்டுகளில் தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் பூசியது எஸ்பிஎஃப் 15 வகைதான்.

மதியம் என்ன செய்வது

வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். மேக்கப்பின்மேல் எப்படிப் பூசுவது? ஸ்ப்ரே, பவுடர் என்று விற்கிறார்கள். அவற்றில் 2 மில்லிகிராம் கனம் வர எவ்வளவு கொட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

குடை பிடிக்கலாம். அமெரிக்காவில் 2013-இல் 23 கைக்குடைகளைச் சோதித்தபோது எல்லாமே குறைந்தது 77 சதவீதம் புற ஊதாக் கதிரைத் தடுத்தன. கறுப்புக் குடைகள் 90 சதவீதத்துக்கு மேல். நாற்று நடப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொள்கிறார்களே, அதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. வியர்வையில் வழியாது, மறுபடி பூசவும் வேண்டாம்.

அக்கா மகள் இப்போது சன்ஸ்க்ரீன் வாங்கியிருக்கிறாள். டியூபின் முதுகில் திறந்த தேதியைப் பேனாவால் எழுதி வைக்கச் சொன்னேன். நீங்களும் எழுதி வையுங்கள். 50 கிராம் டியூப், முகத்துக்கும் கழுத்துக்கும் தினம் ஒரு வேளை போட்டால் ஆறு வாரம்தான் வர வேண்டும். மூன்று மாதம் கழித்தும் பிதுக்கினால் வருகிறது என்றால், நீங்கள் போடும் அளவு போதவில்லை.