உயர்த்திய கையும் ஐயுறும் உள்ளமும்

ஆண்டுதோறும் ஏப்ரல், அக்டோபர் ஆகிய இரு திங்களிலும் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை தன் பொது மாநாட்டைக் கூட்டுகிறது. மார்மன் சபை என்று உலகம் அறிந்திருப்பது இதனையே. (2018ஆம் ஆண்டிலிருந்து அப்பெயரைத் தவிர்க்குமாறு அச்சபைத் தலைமை வேண்டிவருகிறது, வாசகர் எளிதில் அறிதற்பொருட்டு நாம் அச்சொல்லையும் ஆளுகிறோம்.) 21,000 பேர் அமரக்கூடிய மன்றத்தில், ஓர் அமர்வின்போது சபைத் தலைவர், அவருடைய ஆலோசகர்கள், பன்னிரு அப்போஸ்தலர் முதலியோரின் பெயர்கள் வாசிக்கப்படும். இவர்களை ஆதரிப்போர் வலக்கையை உயர்த்துமாறு கேட்கப்படுவர், கைகள் உயரும். மறுப்போர் இருப்பின் அவ்வாறே காட்டுமாறு கேட்கப்படுவர். பெரும்பாலும் ஒரு கையும் உயராது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் இச்செயலுக்கு ‘ஆதரித்தல்’ என்று பெயர். உள்ளத்தில் ஐயம் குடிகொண்ட ஒருவர் அங்கு கையை உயர்த்துவாரானால், அக்கை எதனைக் குறிக்கிறது? இவ்வினாவையே இங்கு ஆராய விழைகிறோம்.

திரித்துவம், திருமறையின் நிறைவு, கிருபை ஆகியவற்றில் அச்சபையின் போதனைக்கும் நம் விசுவாச அறிக்கைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடுகள் சிறியன அல்ல. அவற்றை நம் மாணவர் வகுப்பறையில் கற்கின்றனர். இங்கு மீண்டும் அடுக்க வேண்டுவதில்லை. ஆயினும் போதனைப் பிழையை மட்டுமே காணப் பழகிய கண்ணுக்கு, ஞாயிறுதோறும் அங்கு வந்து அமரும் மனிதர் படும் பாடு புலப்படுவதில்லை. அப்பாடு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அச்சபையில் ‘பிஷப்’ எனப்படுபவரை நம் பேராயரோடு ஒப்பிடலாகாது. அவர் ‘வார்டு’ எனப்படும் உள்ளூர்ச் சபையொன்றின் மேய்ப்பர். பல வார்டுகள் சேர்ந்தது ‘ஸ்டேக்’. பிஷப் இறையியல் கல்லூரியில் பயின்றவரல்லர், ஊதியம் பெறுபவருமல்லர். நேற்றுவரை பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த கணக்கரோ பல் மருத்துவரோ ஆசிரியரோ இன்று அப்பொறுப்புக்கு அழைக்கப்படுகிறார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பணியாற்றியபின் மீண்டும் அதே இருக்கைக்குத் திரும்புகிறார். ஞாயிறு பள்ளி ஆசிரியர்முதல் உலகத் தலைவர்வரை எல்லாரும் இவ்வாறு கை உயர்த்தி ஆதரிக்கப்படுகின்றனர். தலைவரையும் அவருடைய ஆலோசகர்களையும் பன்னிரு அப்போஸ்தலரையும் தீர்க்கதரிசிகள், ஞானதிருஷ்டிக்காரர்கள், வெளிப்படுத்துபவர்கள் என்று ஏற்றுக் கை உயர்த்துகின்றனர். அடுத்த வீட்டுக்காரரின் குறைகளைப் பொறுத்துக்கொள்ள உயரும் கையும், கடவுளின் வாயாகிய ஒருவருக்கு உயரும் கையும் ஒரே கைதான். இடர்ப்பாடு இங்கேயே தொடங்குகிறது.

வரலாற்றில் இவ்வழக்கம் வெறும் சடங்காகத் தோன்றவில்லை. 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் நியூயார்க் மாநிலத்து ஃபேயெட் என்னும் ஊரில் சபை நிறுவப்பட்டபோதே, ஜோசப் ஸ்மித்தும் ஆலிவர் கௌடரியும் தங்களை ஆசிரியராக ஏற்கின்றீர்களோ என்று கூடியிருந்தோரைக் கேட்டனர். அவ்வாண்டிலேயே, சபையில் எல்லாம் பொது ஒப்புதலால் நடைபெற வேண்டும் என்னும் விதியும் எழுந்தது. ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ என்னும் அவர்தம் நூலின் 26ஆம் பகுதியில் அது காணப்படுகிறது. அவ்வொப்புதலுக்கு உயிர் இருந்தது என்பதற்கு 1843ஆம் ஆண்டு அக்டோபர் மாநாடு சான்று. இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில் கூடிய அம்மாநாட்டில், தம் ஆலோசகராகிய சிட்னி ரிக்டனை நீக்கிவிட ஜோசப் ஸ்மித் விரும்பினார். அவர் நிறுவனர்; தீர்க்கதரிசி என்று போற்றப்பட்டவர். எனினும் கூட்டத்தார் ரிக்டன் பதவியில் தொடரவே வாக்களித்தனர். ஸ்மித் மனம் கசந்தாராயினும் அவ்வாக்கை மாற்ற முற்படவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 27ஆம் நாள் கார்த்தேஜ் சிறையில் அவர் கொல்லப்பட்டபின், ஆகஸ்ட் 8ஆம் நாள் அதே நாவூவில் மக்கள் ரிக்டனின் உரிமைக்கோரிக்கையை ஏற்காமல், பிரிகாம் யங்கைத் தலைவராகக் கொண்ட பன்னிருவரை ஏற்றுக்கொண்டதும் கை உயர்த்தியே. பலதார மணத்தைக் கைவிடும் அறிக்கை 1890இல் மாநாட்டின் ஒப்புதலைப் பெற்றதும் இவ்வாறே.

காலப்போக்கில் வாக்கு வாக்குறுதியாக மாறிற்று. இன்று தலைவர் ஒருவர் காலமானால், அப்போஸ்தலருள் மூத்தவரைப் பன்னிருவரே பணியில் அமர்த்திவிடுகின்றனர். மக்கள் கை உயர்த்துவது அதன்பின்னரே. 2018இல் ரசல் நெல்சன் ஜனவரியில் அமர்த்தப்பட்டார்; மார்ச் 31ஆம் நாள் கூடிய புனித மன்றத்திலேயே மக்கள் அவரை ஆதரித்தனர். ஆதலின், தெரிந்தெடுப்பது மக்களன்று. தெரிந்தெடுக்கப்பட்டவரைத் தாங்குவதாக மக்கள் உறுதி கூறுகின்றனர். யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில் மோசேயின் தளர்ந்த கைகளை ஆரோனும் ஊரும் தாங்கிய நிகழ்ச்சியை அவர்கள் இதற்கு விரும்பி எடுத்துக்காட்டுவர்.

இவ்வெடுத்துக்காட்டில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் புதிய ஏற்பாட்டில் கைக்கு வேறொரு வரலாறும் உண்டு. அப்போஸ்தலர் 14:23இலும் 2 கொரிந்தியர் 8:19இலும் வரும் ‘கெய்ரோடோனேயோ’ என்னும் கிரேக்க வினைச்சொல்லின் மூலப்பொருள் கையை நீட்டுதல், அதாவது கை உயர்த்தி வாக்களித்தல். முதல் இடத்தில் நியமித்தல் என்னும் பொருளே மேலோங்கி நிற்கிறது. அங்கு நியமிப்போர் பவுலும் பர்னபாவும். இரண்டாம் இடத்திலோ சபைகளே ஒருவரைத் தெரிந்தெடுத்தமை வெளிப்படை. தாங்கும் கையும் தெரிந்தெடுக்கும் கையும் திருச்சபையின் தொடக்கத்திலேயே அருகருகே நின்றன என்பதை மாணவர் கருத்தில் கொள்ளுதல் நலம். மார்மன் சபையில் ஒன்று மற்றொன்றை ஏறத்தாழ விழுங்கிவிட்டது என்பதே நம் கணிப்பு.

தாங்கும் கை, மறுக்க இடமில்லாத கையாகிவிட்டால் என்ன நேரும்? 1945ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அச்சபையின் இதழொன்றில் வெளிவந்த செய்தி, தலைவர்கள் பேசிவிட்டால் சிந்திக்கும் வேலை முடிந்துவிட்டது என்னும் கருத்தைக் கூறிற்று. சால்ட் லேக் நகரிலிருந்த யுனிடேரியன் போதகர் ஒருவர் இதைக் கண்டு வருந்தி, சபைத் தலைவர் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித்துக்கு எழுதினார். அது சபையின் நிலைப்பாடு அன்று, ஒவ்வொருவரும் தாமே ஆராய்ந்து தெளிய வேண்டும் என்று தலைவர் மறுமொழி விடுத்தார். மறுமொழி தனி மடலாகச் சென்றது. செய்தியோ இல்லந்தோறும் சென்றிருந்தது. மக்கள் தலைவரை அளவுக்குமீறி நம்பி, கடவுளிடம் தாமே கேட்டறியாமல் இருந்துவிடுவரோ என்று பிரிகாம் யங்கே முன்னர் அஞ்சியதுண்டு. ஆக, ஐயுறுவோர்க்கான நியாயம் அம்மரபுக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுத்துப் பேசுவோரே அரியர்.

1977ஆம் ஆண்டு அக்டோபர் மாநாட்டில் பைரன் மார்ச்சன்ட் என்பவர் மறுப்பு வாக்களித்தார். கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவப் பட்டம் மறுக்கப்பட்டுவந்ததே காரணம். அம்மாதத்திலேயே அவர் சபையினின்று நீக்கப்பட்டார். 1978 ஜூனில் தலைவர் ஸ்பென்சர் கிம்பல், அத்தடை நீங்கியதென்று தமக்கு வெளிப்பாடு கிடைத்ததாக அறிவித்தார். செப்டம்பர் 30ஆம் நாள் மாநாடு ஒருமனமாகக் கை உயர்த்தி அதை ஏற்றது. தடைக்குக் காரணமாக முற்காலத்தில் கற்பிக்கப்பட்ட கொள்கைகளை 2013 டிசம்பரில் வெளிவந்த அதிகாரபூர்வமான கட்டுரையில் சபை வெளிப்படையாகக் கைவிட்டது. எதன்பொருட்டு ஒருவர் கை உயர்த்த மறுத்து வெளியேற்றப்பட்டாரோ, அதன்பொருட்டே ஓராண்டுக்குள் எல்லாரும் கை உயர்த்தினர். தலைவர் பேசும்வரை காத்திருந்தவர் உண்மையுள்ளவர், முன்னரே கண்டவர் கலகக்காரர் என்று இதிலிருந்து முடிவு கட்டலாமா? ஆம் என்போர் அங்கு பலர் உளர். அவர்களுக்கு விடை கூறுவது எளிதன்று; ஒழுங்கில்லாத சபை நிலைக்காது என்பதும் மெய்யே.

இனி ஐயத்துக்கு வருவோம். மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்கு உபவாச நாள். அன்று எவரும் எழுந்து சாட்சி கூறலாம். அச்சாட்சியின் வழக்கமான வினைச்சொல் ‘விசுவாசிக்கிறேன்’ என்பதன்று, ‘அறிந்திருக்கிறேன்’ என்பது. சபை உண்மையானதென்று அறிந்திருக்கிறேன், தீர்க்கதரிசி மெய்யானவர் என்று அறிந்திருக்கிறேன் எனச் சிறு பிள்ளைகளும் கூறுவர். அறிவதாகக் கூறும் கூட்டத்தில், விசுவாசிக்க மட்டுமே இயன்றவர் தம்மைக் குறைவுள்ளவராக எண்ணுகிறார். விசுவாசிக்க விரும்ப மட்டுமே இயன்றவர் வாய் திறப்பதே இல்லை. இத்தனைக்கும் மார்மன் புத்தகத்தில் ஆல்மா 32ஆம் அதிகாரம் விசுவாசத்தை விதைக்கு ஒப்பிட்டு, விசுவாசிக்க வேண்டும் என்னும் விருப்பமே தொடக்கத்துக்குப் போதும் என்கிறது. அறியும் வரம் சிலருக்கு, அவர்தம் சொல்லை விசுவாசிக்கும் வரம் வேறு சிலருக்கு என்று ‘கோட்பாடும் உடன்படிக்கைகளும்’ 46ஆம் பகுதி பிரித்துரைக்கிறது. நூலில் உள்ள இடம் மேடையில் இல்லை.

கடந்த சில பத்தாண்டுகளில் இக்குறை வெளிப்பட்டது. ஐரோப்பாவில் சபையின் உயர்பொறுப்பில் இருந்த ஸ்வீடன் நாட்டவர் ஹான்ஸ் மாட்சன், நிறுவனரின் பலதார மணம் முதலியவை குறித்து மக்கள் தம்மிடம் கொணர்ந்த வினாக்களுக்கு விடை காணமாட்டாமல் தாமே ஐயத்துள் விழுந்ததை 2013இல் செய்தித்தாள் வழியே உலகறியக் கூறினார். அவ்வாண்டு அக்டோபர் மாநாட்டில் டீட்டர் உக்டார்ஃப், சபைத் தலைவர்கள் தவறிய நேரங்கள் உண்டு என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். பலர் அதைத் தாகத்துக்குத் தண்ணீராகப் பருகினர். 2015 நவம்பரில் ஒருபால் இணையரின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்தைத் தள்ளிவைக்கும் விதி வந்தது. அது வெளிப்பாட்டால் வந்ததென்று விளக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் அவ்விதி நீக்கப்பட்டது; அதுவும் வெளிப்பாடே என்றனர். இரண்டுக்கும் கை உயர்த்திய பெற்றோரின் உள்ளத்தை வாசகரே எண்ணிப் பார்க்கட்டும்.

இத்தகையவர் யாரிடம் செல்வார்? பிஷப்பிடம்தான். ஆனால் அவரே நுழைவுச் சான்று வழங்குபவரும் ஆவார். அவர்கள் ‘ஆலயம்’ என்பது ஞாயிறு ஆராதனைக் கூடமன்று. திருமண முத்திரிப்பு முதலிய சடங்குகள் நடைபெறும் தனிக் கட்டடம். அதனுள் செல்ல, பிஷப் தரப்பிலும் ஸ்டேக் தலைவர் தரப்பிலும் நேர்காணல் உண்டு; தலைவரைத் தீர்க்கதரிசியாக ஆதரிக்கின்றீரா என்பது கேட்கப்படும் வினாக்களுள் ஒன்று. இவ்வினாக்களை 2019 அக்டோபர் மாநாட்டில் நெல்சனே வாசித்தார். சான்று இல்லாத தாய், தன் மகளின் ஆலயத் திருமணத்தைக் காண இயலாமல் வெளியே காத்திருக்க நேரும். அச்சபையின் பல்கலைக்கழகத்தில் வேலை செய்வோரின் பிழைப்பும் இத்தகைய ஒப்புதலைச் சார்ந்ததே. ஆறுதல் நாடிச் செல்லும் இடமும் தீர்ப்புப் பெறும் இடமும் ஒன்றாயிருக்கையில், ஐயம் பேசப்படாமல் உள்ளுக்குள் அழுகுகிறது. பிஷப்மாரில் மிகப் பலர் அன்புள்ளவர். குறை ஆளிடத்தன்று, அமைப்பிடத்தது.

இந்நிலையிலும் அகலாது நின்றோர் உண்டு. சபையின் உயர்பதவியாளராகிய பி. எச். ராபர்ட்ஸ், மார்மன் புத்தகத்தின் வரலாற்றுத் தன்மைக்கு எதிரான இடர்ப்பாடுகளைத் தாமே திரட்டி 1922இல் உடன் தலைவர்கள்முன் வைத்தார். மனநிறைவான விடை கிடைக்கவில்லை. 1933இல் இறக்கும்வரை அவர் அப்பதவியில் இருந்து சபைக்காகப் பேசியே வந்தார். அவருடைய உள்ளத்தின் முடிவு யாது என்பதுபற்றி அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். அவ்வாதத்தைவிட, விடை பெறாத வினாவோடு ஒருவர் பதினோராண்டு ஊழியம் செய்தார் என்னும் செய்தியே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

லவினா ஃபீல்டிங் ஆண்டர்சன் என்னும் எழுத்தாளர் நிலை வேறு. சபைத் தலைமை அறிஞர்களை நடத்திய விதத்தைக் காலமுறைப்படி தொகுத்து அவர் 1993இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான அறுவருள் அவரும் ஒருவர், சபைநீக்கம் செய்யப்பட்டார். அதன்பின்னும் தம் வார்டின் ஆராதனைக்குத் தொடர்ந்து வந்தார். திருவிருந்தில் பங்கில்லை; கூட்டத்தில் ஜெபிக்க உரிமையில்லை; ஆதரிக்க உயர்த்தும் கையும் அவருக்கு இல்லை. 2019இல் அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ள உள்ளூர்த் தலைவர்கள் இசைந்தனர், மேலிடம் இசையவில்லை. 2023இல் அவர் மறைந்தார். கை உயர்த்தும் உரிமையே பறிக்கப்பட்ட ஒருவர் முப்பது ஆண்டுகள் வந்து அமர்ந்தது ஆதரித்தல் அன்றெனில், அச்சொல்லுக்கு வேறு என்ன பொருள் கூறுவது என்று நமக்குத் தெரியவில்லை.

நம் சபைகளிலும் ஓர் உபதேசியார் தம் ஐயத்தை ஆயரிடம் கூறத் துணிவாரா? அவருடைய மாற்றலுக்கும் பதவி உயர்வுக்கும் குறிப்பு எழுதுபவர் அந்த ஆயரே. இறையியல் மாணவர் தம் ஆசிரியரிடம் கூறுவதும் அத்தகையதே. நற்சான்று எழுதும் பேனா அவ்வாசிரியர் கையில் இருக்கிறது. பேராயமும் கல்லூரியும் குறிப்பெழுதும் பொறுப்பில்லாத மூத்த ஆயர் ஒருவரை, செவிகொடுப்பதற்கென்றே நியமிக்கலாம். இதற்கு விதித் திருத்தமோ பெரும் பொருட்செலவோ தேவையில்லை. ஓய்வுபெற்ற ஆயர் பலர் நம்மிடையே உள்ளனர், கேட்டால் மறுக்கமாட்டார்கள்.